மொடக்குறிச்சி: 1,033 வேட்பாளர்களும் 281 வாக்குகளும்

#1 நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஈரோடு மாவட்டத்துச் சட்டமன்றத் தொகுதிகளின் வரலாற்றை ஒவ்வொன்றாகத் தொகுத்து வருகிறேன். இம்முறை மொடக்குறிச்சி. தேர்தல் ஆணையத்தின் வரிசையில் இது நூறாவது தொகுதி. 2008ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதி இல்லாமல் போனதால், இப்போது ஈரோடு மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகிறது. காவிரிக்கரையில் கொடுமுடி, உள்நாட்டில் சிவகிரி, மேற்கே அவல்பூந்துறை, அறச்சலூர் என்று பரவிய விவசாயத் தொகுதி. அறச்சலூர் நாகமலையில் தமிழ்பிராமி எழுத்தில் இசைக் கல்வெட்டு இருப்பதையும், பக்கத்து ஓடாநிலையில் தீரன் சின்னமலையின் நினைவிடம் இருப்பதையும் உள்ளூர்க்காரர்கள் இந்த இழையில் எப்படியும் சொல்லிவிடுவார்கள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

வென்றவர்களின் பட்டியலைப் போட்டுப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1977 முதல் 2016 வரை நடந்த பத்துப் பொதுத்தேர்தல்களிலும் மொடக்குறிச்சி ஆளும் அணியின் உறுப்பினரையே அனுப்பியிருக்கிறது. 1977இல் சுப்புலட்சுமி ஜெகதீசன் அதிமுக சார்பில் வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் கைத்தறித்துறை அமைச்சரானார். 1980, 1984 இரண்டிலும் அதிமுக. 1989இல் அதே சுப்புலட்சுமி, இம்முறை திமுக சார்பில் வென்று சமூகநலத்துறை அமைச்சர். 1991இல் அதிமுக, 1996இல் மறுபடியும் சுப்புலட்சுமி, 2001இல் அதிமுகவின் பி.சி.ராமசாமி, 2006இல் திமுக கூட்டணியிலிருந்த காங்கிரசின் ஆர்.எம்.பழனிசாமி, 2011இல் அதிமுகவின் ஆர்.என்.கிட்டுசாமி, 2016இல் வி.பி.சிவசுப்பிரமணி. இந்த வழக்கம் 2021இல்தான் முறிந்தது. மாநிலத்தில் திமுக ஆட்சியைப் பிடித்த அதே தேர்தலில், இங்கே பாஜகவின் சி.சரஸ்வதி 281 வாக்குகளில் சுப்புலட்சுமியைத் தோற்கடித்தார்.

எப்போதும் ஆளுங்கட்சிக்கே உறுப்பினரைக் கொடுத்த ஒரு தொகுதியில், அவ்வப்போது அமைச்சர் பதவியும் கிடைத்த ஒரு தொகுதியில், 1996 சட்டமன்றத் தேர்தலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் விவசாயிகள், "எங்களுக்காகப் பேச ஆளில்லை" என்று வேட்புமனுவோடு வரிசையில் நின்றது எப்படி? தொகுதிக்கு உறுப்பினர் இருப்பதும் தொகுதியின் குரல் சபையில் ஒலிப்பதும் ஒன்றுதானா? இதைப் பற்றி அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

#2 எதிர்க்கேள்வி

பட்டியலுக்கு நன்றி. ஆனால் 1996ஐ நீங்கள் ஒரு புரட்சி போலக் காட்டப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எண்களையே பார்ப்போம். போட்டியிட்டவர்கள் 1,033 பேர். அவர்களில் 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 158 பேருக்குத் தலைக்கு ஒரே ஒரு வாக்கு. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, வாக்குப்பதிவு ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போனது, செலவு முழுவதும் மக்கள் வரிப்பணம். கடைசியில் மாநிலம் முழுவதும் எந்த அலை வீசியதோ அந்த அலையிலேயே இந்தத் தொகுதியும் போனது. அதிமுகவின் கிட்டுசாமி வெகு தூரத்தில் இரண்டாமிடம் வந்தார். விவசாயிகளின் பெயரில் நின்றவர்களை விவசாயிகளே பொருட்படுத்தாதபோது, அவர்கள் யாருடைய பிரதிநிதிகள்?

#3 மை_வைத்த_ஆசிரியர்

நான் அப்போது இந்தத் தொகுதியின் ஒரு வாக்குச்சாவடியில் தேர்தல் பணி பார்த்த தொடக்கப்பள்ளி ஆசிரியன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். எதிர்க்கேள்வி அவர்கள் எண்களைச் சரியாகத்தான் சொல்கிறார். அந்த நாள் எப்படி இருந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

இன்றைய இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. அன்றைய சட்டப்படி வாக்குச்சீட்டில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி, சுயேச்சை என்ற வேறுபாடு கிடையாது. எல்லாப் பெயர்களும் அகர வரிசையில் ஒன்றாகக் கலந்தே வரும். பத்துப் பேர் நிற்கும் தேர்தலில் அது யாருக்கும் உறைக்காது. ஆயிரத்து முப்பத்து மூன்று பேர் நிற்கும்போது, சுப்புலட்சுமி ஜெகதீசனைத் தேடுகிறவர் 'சு'வில் தொடங்கும் பெயர்களுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும், கிட்டுசாமியைத் தேடுகிறவர் 'கி'யைப் புரட்ட வேண்டும். எழுத்து தெரியாதவர் படத்தை மட்டும் பார்த்துப் பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். கொங்கு நாட்டில் சுப்பிரமணியத்துக்கும் பழனிசாமிக்கும் பஞ்சமா?

வயதான அம்மையார் ஒருவர் மறைப்புக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் நாங்கள் வெளியிலிருந்தே, "ஆத்தா, ஆச்சுங்களா?" என்று கேட்டோம். "இருப்பா, இன்னும் என்ற சின்னத்தையே காணம்" என்று பதில் வந்தது. விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது, மை வைத்த விரலாலேயே புரட்டியிருந்ததால், அவர் கையில் மூன்று விரல்களில் மை இருந்தது. அந்தப் புத்தகத்தை மடித்துப் பெட்டிக்குள் போடுவதும் எளிதாக இல்லை. மற்ற தொகுதிகளில் முடிவு அறிவித்து, கலைஞர் முதலமைச்சராகப் பதவியேற்ற பிறகு நடந்த வாக்குப்பதிவு என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஆட்சி யாருடையது என்று தெரிந்த பிறகு வாக்களித்தவர்கள் நாங்கள். நொய்யல்கரை அவர்கள் சொல்லும் 'ஆளுங்கட்சித் தொகுதி' என்ற கணக்கில் 1996ஐ இதற்காகவே தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

#4 பிரிவு34

சட்டம் படித்தவள் என்ற முறையில் அந்த 88 பேரைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். "தனக்குத் தானே வாக்களிக்காதவர்கள்" என்று அவர்களை எல்லாரும் கேலி செய்கிறார்கள். சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர் மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும், நிற்கும் தொகுதியிலேயே வாக்கு இருக்க வேண்டியதில்லை. எனவே பலருக்கு அங்கே வாக்கே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் முன்மொழிபவர் அதே தொகுதியின் வாக்காளராகத்தான் இருந்தாக வேண்டும். அப்போது ஒருவர் முன்மொழிந்தால் போதுமானது. அப்படியானால் அந்த 88 பேரையும் முன்மொழிந்து கையெழுத்திட்டவர்களின் வாக்குகூட அவர்களுக்கு விழவில்லை. இதைத் தோல்வி என்று படிப்பதைவிட, அந்த வேட்புமனுக்கள் வாக்குக் கேட்டுப் போடப்பட்டவையே அல்ல என்று படிப்பதுதான் பொருந்தும். அரசு தங்கள் கோரிக்கைகளைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற மனுவை, வாங்க மறுக்க முடியாத ஒரே அலுவலரிடம், அதாவது தேர்தல் நடத்தும் அலுவலரிடம், கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, அதன் விலை. அன்று சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் அரசுக்கு. ஆயிரம் பேர் நின்று அத்தனை பேரும் இழந்தாலும் மொத்தம் இரண்டரை லட்சம் ரூபாய். ஓர் ஊர்த் திருவிழாவுக்கு வரி வசூலிப்பது போலத் திரட்டிவிடக்கூடிய தொகை அது.

அதே 1996இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. டெபாசிட் 250லிருந்து ஒரே தாவலில் 5,000 ஆனது. மக்களவைக்கு 500லிருந்து 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆசிரியர் ஐயா சொன்ன அகர வரிசையும் அப்போதுதான் மாறியது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவுபெற்ற பிற கட்சிகளின் வேட்பாளர்கள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்று மூன்று அடுக்கு வந்தது. இது மொடக்குறிச்சியால் மட்டும் வந்ததில்லை. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் நல்கொண்டாவில் 480 பேரும் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள். ஆனால் அந்த மூன்றில் பெரிய எண் நம்முடையது. 2010இல் சட்டமன்ற டெபாசிட் 10,000 ஆனது. இன்று அதே ஆயிரம் பேர் நிற்க வேண்டுமானால் ஒரு கோடி ரூபாய் வேண்டும், ஒவ்வொரு மனுவிலும் பத்துக் கையெழுத்தும் வேண்டும். ஆயிரம் பேர் கேட்டது என்ன என்பதற்குச் சட்டம் பதில் சொல்லவில்லை. ஆயிரம் பேர் இனி கேட்க முடியாதபடி வாசலைக் குறுக்கியது.

#5 எதிர்க்கேள்வி

பிரிவு34 அவர்களின் முன்மொழிபவர் வாதத்தை நான் யோசிக்கவே இல்லை. அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் சட்டத்தின் மீது மட்டும் பழி போடுவது நியாயமா? ஆசிரியர் ஐயா வருணித்த அந்த அம்மையாரையும் நினைத்துப் பாருங்கள். அவருடைய உரிமை தன் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்துவது. அதை ஆயிரம் பேர் சேர்ந்து கடினமாக்கினார்கள். போராடுகிறவர்களின் கோபம் அரசின் மீது, அவதிப்பட்டது அவர்களைப் போன்ற இன்னொரு விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. இதற்கும் ஒரு பதில் வேண்டும்.

#6 கடைமடை

நான் கீழ்பவானிப் பாசனத்தில் விவசாயம் செய்கிறவன். மேலே எல்லோரும் 'விவசாயிகள்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதுகிறீர்கள். இந்தத் தொகுதியில் விவசாயி என்றால் எந்தத் தண்ணீரை நம்பிய விவசாயி என்று கேட்க வேண்டும்.

காவிரிக்கு அருகே ஓடுவது காலிங்கராயன் வாய்க்கால். 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி, கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறை வரை கொண்டுவந்தது. அதன் கரையில் மஞ்சள், கரும்பு, வாழை, நெல் என்று ஆண்டில் பெரும்பகுதி பச்சையாகவே இருக்கும். அதற்கு மேற்கே மேட்டில் வருவது கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்த பிறகு வந்த, இருநூறு கிலோமீட்டர் நீள வாய்க்கால். 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டுக்கு (பாசனப் பரப்புக்கு) ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் போதாது என்பதால் அதை இரண்டாகப் பிரித்து, முதல் போகம் 1,03,500 ஏக்கருக்கு நன்செய், அடுத்த போகம் மீதி 1,03,500 ஏக்கருக்குப் புன்செய் என்று விடுகிறார்கள். அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வார்கள். தண்ணீர் திறப்பு அறிவிப்பில் "பிரதான வாய்க்கால் ஒற்றைப்படை மதகுகள் மற்றும் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்கால் இரட்டைப்படை மதகுகள்" என்று வரும் வாசகத்தை ஈரோட்டுக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். வெளியூர்க்காரருக்கு அது ஏதோ கணக்குப் பாடம் போல இருக்கும். எங்களுக்கு அதுதான் அந்த ஆண்டு நெல்லா, நிலக்கடலையா, எள்ளா என்பதன் தீர்ப்பு. என் மதகு இரட்டைப்படை, என் மைத்துனருடையது ஒற்றைப்படை. ஒரே வாய்க்கால், ஒரே தொகுதி, ஒரே சட்டமன்ற உறுப்பினர், ஆனால் ஒரே மாதத்தில் அவர் நாற்று நடுவார், நான் காட்டில் சோளத்தட்டு அடுக்கிக்கொண்டிருப்பேன்.

வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது இந்தப் பிளவு வெட்டவெளிச்சமானது. வாய்க்காலில் கசிவு நின்றால்தான் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதிக்கு, தண்ணீர் வரும் என்பது ஒரு தரப்பு. கசிவுநீரை நம்பித்தான் எங்கள் கிணறுகளும் குட்டைகளும் இருக்கின்றன, மண் வாய்க்காலாகவே விடுங்கள் என்பது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் விவசாயிகள், இரு தரப்பும் உண்ணாவிரதம் இருந்தவர்கள். இதில் உறுப்பினர் எந்தப் பக்கம் பேசினால் தொகுதியின் குரல் என்பீர்கள்? பேசாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம் என்று எனக்குப் படுகிறது. எதிர்க்கேள்வி அவர்கள் கேட்டதற்கும் இதிலேயே ஓரளவு பதில் இருக்கிறது: ஒருவர் நின்றால் நாங்கள் பிரிந்துபோவோம், ஆயிரம் பேர் நின்றால்தான் யாருடைய தண்ணீர் என்ற கேள்வியே எழாது.

#7 நொய்யல்கரை

கடைமடை அவர்களின் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்து கொங்கு மண்டல விவசாயிகள் போராடியபோது, நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் மாட்டுவண்டிகளைக் கோயம்புத்தூர் நகருக்குள் ஓட்டிவந்து சாலைகளை நிரப்பினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் விவசாயிகள் இறந்திருந்தார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு சாலையில் போவது குற்றமல்ல. எண்ணிக்கைதான் ஆயுதம். 1996இல் செய்ததும் அதுவே. மனுப் போடுவது குற்றமல்ல, ஆயிரம் பேர் போட்டால் இயந்திரம் நின்றுவிடுகிறது. அந்த மாட்டுவண்டிகளும் நகரத்தில் எத்தனையோ சாமானியர்களை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தியிருக்கும். எதிர்க்கேள்வி அவர்களின் அம்மையார் அங்கும் இருந்திருப்பார்.

ஒரு வேறுபாடு உண்டு. மின்சாரப் போராட்டத்தின் கோரிக்கை கையில் பிடிக்கக்கூடிய ஒன்று. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று அது முடிந்தது. அதே நாயுடு 1982இல் உழவர் கட்சி தொடங்கித் தேர்தலில் இறங்கியபோது பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. சாலையில் ஒன்றாக நின்றவர்கள் வாக்குச்சாவடியில் அவரவர் கட்சிக்குப் போய்விட்டார்கள்.

#8 பிரிவு34

கையில் பிடிக்கக்கூடிய கோரிக்கை என்றதும் தெலங்கானாவின் நிஜாமாபாத் நினைவுக்கு வருகிறது. 2019 மக்களவைத் தேர்தலில் அங்கே 185 வேட்பாளர்கள், பெரும்பாலானோர் மஞ்சள், சோளம் பயிரிடும் விவசாயிகள். மஞ்சள் வாரியம் வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. அதற்குள் வாக்குப்பதிவு இயந்திரம் வந்துவிட்டிருந்தது. பழைய இயந்திரத்தில் அதிகபட்சம் 64 பெயர்களே இடம்பெற முடியும், புதிய வகையில் 384 வரை போகலாம். எனவே வாக்குச்சீட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டிய நிலை வரவில்லை, இயந்திரத்தின் பொத்தான் பெட்டிகள் பன்னிரண்டை வரிசையாக வைத்து நடத்தினார்கள். அப்போதைய முதலமைச்சரின் மகள் கவிதா தோற்றார், பாஜகவின் அரவிந்த் வென்றார், 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டுக்காரர்களான நாம் இதைச் சற்றே பொறாமையோடு பார்க்கலாம். ஆனால் டெபாசிட் 25,000 ரூபாயாக இருந்த காலத்தில் அவர்கள் அதைச் செய்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நான் வாசல் குறுகியது என்றேன், அடைபட்டுவிட்டது என்று சொல்லவில்லை. 2023இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில்கூட 77 பேர் நின்றார்கள், ஐந்து பெட்டிகள் தேவைப்பட்டன.

#9 எதிர்க்கேள்வி

அப்படியானால் என் கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நோட்டா வந்துவிட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் பேர் நிற்க வேண்டிய தேவை இனி இல்லை அல்லவா?

#10 கடைமடை

நோட்டாவில் பெயர் இல்லையே, ஐயா. 1996இல் நின்றவர்களின் பெயரும் சின்னமும் அச்சாகி, தொகுதியில் வாக்களித்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாள் இருந்தன. எங்கள் ஊரில் அப்படி நின்ற ஒரு பெரியவர், "சட்டசபைக்குப் போகாட்டியும் என்ற பேரு பொஸ்தகத்துல வந்துருச்சு" என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி கிண்டல், பாதி பெருமை. நோட்டா பொத்தானை அழுத்தியவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

அது போகட்டும். உறுப்பினர்களைப் பற்றிப் பேசும்போது 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்தை யாரும் குறிப்பிடவில்லை. கட்சிக் கொறடா இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று போடும் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும் என்ற நிலையில், சென்னசமுத்திரம் வாய்க்காலுக்காக ஓர் உறுப்பினர் தன் கட்சியின் அரசுக்கு எதிராக எவ்வளவு தூரம் போக முடியும்? தொகுதி எப்போதும் ஆளுங்கட்சியோடு இருந்தது என்று முதல் பதிவில் பெருமைபோலத் தெரிகிற அதே விஷயம், தொகுதிக்கு எதிர்க்கட்சிக் குரலே இல்லாமல் நாற்பது ஆண்டுகள் கழிந்தன என்றும் ஆகும்.

#11 மை_வைத்த_ஆசிரியர்

சுப்புலட்சுமி ஜெகதீசனைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். 1977இல் அதிமுக, 1989இலும் 1996இலும் திமுக, 2004இல் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து மத்திய இணையமைச்சர், 2021இல் 281 வாக்குகளில் தோல்வி, அடுத்த ஆண்டு திமுகவிலிருந்து விலகல். மூன்று முறை இந்தத் தொகுதி அவரை அனுப்பியது. ஆயிரம் பேருக்கு நடுவில் அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்திய தொகுதி, நிதானமாக இயந்திரத்தில் பொத்தானை அழுத்தும் காலத்தில் 77,844 வாக்குகளோடு நிறுத்திவிட்டது. வென்றவருக்கு 78,125. எங்கள் ஊர் வாக்குச்சாவடி ஒன்றில் பதிவாகும் வாக்குகளில் பாதிகூட இல்லை அந்த வித்தியாசம்.

#12 நொய்யல்கரை

முதல் பதிவின் பட்டியலைத் திருத்தப் போகிறேன். 1996க்கு எதிரே வென்றவரின் பெயரோடு, போட்டியிட்டவர்கள் 1,033, டெபாசிட் 250 ரூபாய், வாக்குப்பதிவு மற்ற தொகுதிகளுக்குப் பிறகு என்று மூன்று குறிப்புகள் சேரும். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் 1996க்கும் 2001க்கும் இடையில் கீழ்பவானி என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடத் தொடங்கியிருக்கிறேன். கடைமடை அவர்களே, உங்கள் பகிர்மான வாய்க்காலில் எந்தெந்த ஆண்டு எந்த மதகுகளுக்கு நன்செய் முறை வந்தது என்பது உங்களிடம் எழுதி இருந்தால் அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

#13 கடைமடை

அப்பாவின் பழைய டைரிகளில் இருக்கிறது. தண்ணீர் திறந்த தேதியும், எங்கள் மதகுக்கு அது வந்து சேர்ந்த தேதியும் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார். படம் எடுத்துப் போடுகிறேன்.